வாய்க்குள் வரும் கொழுப்புக் கட்டி: இனங்காண்பதும் அறுத்து எடுப்பதும்

வலது கன்னத்தின் உட்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கத்தோடு அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார் மகனுடன் வந்திருந்தார். வீக்கம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வலி ஒருபோதும் இருந்ததில்லை. சாப்பிடும்போது அடிக்கடி கடிபடுகிறது என்பது மட்டுமே அவர் வாய்விட்டுச் சொன்ன குறை. இருபது வருடமாக வெற்றிலை போடுபவர் என்பதால் வீட்டில் எல்லோரும் எதை நினைத்துப் பயந்தார்கள் என்பதைக் கேட்காமலே புரிந்துகொள்ள முடிந்தது. நான் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, “தம்பி, மறைக்காமச் சொல்லுங்க, இது அந்த நோய்தானே?” என்று மெல்லக் கேட்டார். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகு, “அப்படித் தெரியலைம்மா, ஆனா எடுத்து டெஸ்ட் பண்ணின பிறகுதான் உறுதியா சொல்வேன்” என்றேன். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்தப் பதிலின் இரண்டாவது பாதியைப் பற்றியதுதான்.

பல் மருத்துவப் படிப்பை முடித்துப் பயிற்சியில் இருப்பவர்களையும், சிறு ஊர்களில் தனியாக கிளினிக் நடத்துபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லைபோமா எனப்படும் கொழுப்புக் கட்டி உடம்பின் மென்திசுக் கட்டிகளில் மிகச் சாதாரணமானது. முதுகிலும் தோளிலும் கையிலும் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. வாய்க்குள் மட்டும் அது அரிது; வாயில் வரும் சாதுவான, அதாவது புற்றல்லாத, கட்டிகளில் 1 முதல் 4 சதவீதம் வரைதான் கொழுப்புக் கட்டிகள் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. 1848இல் ரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் பல் ஈறுகளில் வரும் கட்டிகளைப் பற்றி எழுதியபோது இதை ‘மஞ்சள் எப்யூலிஸ்’ (மஞ்சள் ஈறுக் கட்டி) என்று குறிப்பிட்டதே வாய்க் கொழுப்புக் கட்டி பற்றிய முதல் பதிவாகக் கருதப்படுகிறது. அறுத்து எடுப்பது இதில் கடினமான வேலை அல்ல. எடுப்பது கொழுப்புக் கட்டிதானா, அது மட்டும்தானா என்று உறுதி செய்வதில்தான் கவனம் முழுவதும் வேண்டும். அந்த உறுதி நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கும்போது பாதியும், கத்தியின் அடியில் கொஞ்சமும், நுண்ணோக்கியின் கீழ் மீதியும் கிடைக்கிறது. மூன்றில் ஒன்றைக்கூடத் தாண்டிச் செல்லக் கூடாது.

கேட்டும் பார்த்தும் தொட்டும்

வயதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கே இது வருகிறது. குழந்தைக்கு வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எவ்வளவு காலமாக இருக்கிறது, கூடிக் குறைகிறதா, எப்போதாவது உடைந்து நீர் வந்ததா, மரத்துப்போன உணர்ச்சி உண்டா, அந்த இடத்தில் முன்பு அடிபட்டதா என்று கேளுங்கள். கொழுப்புக் கட்டி மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் வளரும். இடையில் சுருங்காது. உடம்பு மெலிந்தாலும் அது மெலியாது, ஏனென்றால் அந்தச் செல்களில் சேர்ந்திருக்கும் கொழுப்பை உடம்பு தன் தேவைக்கு எடுத்துக்கொள்வதில்லை. “சாப்பாட்டைக் குறைத்தால் கரைந்துவிடுமா?” என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

அடுத்து இடம். கன்னத்தின் உட்புறம் முதலிடம் பெறுகிறது. அதன் பிறகு உதடு, நாக்கு, நாக்குக்கு அடிப்பகுதி, உதட்டுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளம். அண்ணத்திலும் ஈற்றிலும் மிகக் குறைவு. நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுப் பாருங்கள். மேலே உள்ள சவ்வு வழுவழுப்பாகவும் மெலிந்தும் இருக்கும். அதன் வழியாக வெண்ணெய் நிறம் தெரியும், அதன்மீது நூல் நூலாக இரத்த நாளங்கள் ஓடும். சவ்வுக்கு அடியிலேயே இருக்கும் கட்டிகளில்தான் இந்த மஞ்சள் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. தசைக்குள் அல்லது இன்னும் ஆழத்தில் இருந்தால் மேல்சவ்வு மற்ற இடங்களைப் போலவே இளஞ்சிவப்பாக இருக்கும். மஞ்சள் இல்லை என்பதற்காகக் கொழுப்புக் கட்டி இல்லை என்று முடிவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மையாருக்குக் கட்டியின் உச்சியில் பல் பட்டுப் பட்டு ஒரு வெள்ளைக் கோடு படிந்திருந்தது. புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடம் அந்த வெள்ளையைப் பார்த்தால் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அறுவையின்போது அந்தச் சவ்வையும் கட்டியோடு சேர்த்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் விரலே அதிகம் சொல்லும். ஒரு விரல் வாய்க்குள்ளும் ஒரு விரல் கன்னத்துக்கு வெளியேயும் வைத்து இரண்டுக்கும் இடையே கட்டியைப் பிடித்துப் பாருங்கள். பிசைந்து ஊறவைத்த மாவு போல மெத்தென்று இருக்கும். அழுத்தினால் குழியாது, விட்டதும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். ஓரத்தை விரல் நுனியால் தள்ளினால் அது விரலுக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு நழுவும். நீர் இருப்பது போன்ற ஓர் அலையசைவும் கைக்குத் தட்டுப்படும். ஆனால் அது நீர் அல்ல, உடல் வெப்பத்தில் கொழுப்பு ஏறக்குறைய இளகிய நிலையில் இருப்பதால் வரும் மயக்கம். கடைசியாகக் கழுத்தை மறக்காமல் தடவிப் பாருங்கள். நெறிகட்டியிருந்தால் அதற்குத் தனிக் காரணம் தேட வேண்டும்.

எவற்றோடு குழம்பும்

கீழுதட்டில் உமிழ்நீர் தேங்கி வரும் மியூகோசீல்தான் முதல் குழப்பம். அது நீலம் கலந்து பளபளக்கும், உடைந்து வற்றி மறுபடி வரும், பெரும்பாலும் இளவயதினருக்கு. நாக்குக்கு அடியில் அதே போல உமிழ்நீர் தேங்கி வரும் ரானுலாவும் அப்படியே. நார்க்கட்டி இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். இரத்தநாளக் கட்டியின்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்தினால் நிறம் வெளுக்கும். ஐயம் இருந்தால் ஊசி குத்தி உறிஞ்சிப் பாருங்கள். கொழுப்புக் கட்டியில் எதுவும் வராது. இரத்தம் தாராளமாக ஏறி வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

இவற்றைவிட ஏமாற்றக்கூடியவை வேறு சில. நாக்குக்கு அடியில் நடுக்கோட்டில் வரும் டெர்மாய்டு கட்டியும் (தோல் திசு உள்ளே சிக்கி உருவாகும் பை) மாவு போலவே இருக்கும், சற்று மஞ்சளாகவும் தெரியலாம். ஆனால் விரலால் அழுத்திப் பிடித்தால் அதில் குழி விழும். அண்ணத்திலோ பின் கன்னத்திலோ மெத்தென்ற கட்டி இருந்தால் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை முதலில் நினைக்க வேண்டும். அவற்றில் கணிசமானவை புற்றுத்தன்மை உள்ளவை என்பதால் அங்கே அவசரப்பட்டு முழுதாக அறுக்கக் கூடாது. குழந்தை கையில் குச்சியோடு விழுந்து, சில மணி நேரத்திலேயே கன்னத்துக்குள் மஞ்சள் கட்டி தொங்கினால் அது கட்டியே அல்ல, தசை கிழிந்து வெளியே வந்த கன்னக் கொழுப்புத் திண்டு. பச்சிளங்குழந்தைக்கு முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் பெருத்து, எலும்பும் பெருத்து, அந்தப் பக்கத்துப் பற்கள் முன்கூட்டியே முளைத்தால் அது ஊடுருவிப் பரவும் பிறவிக் கொழுப்பு வளர்ச்சி. அதைச் சிறு கிளினிக்கில் தொடவே வேண்டாம். கன்னத்தில் ஊசி முனை அளவில் நிறைய மஞ்சள் புள்ளிகளைக் காட்டிக் கவலைப்படுபவர்களும் வருவார்கள். அவை ஃபோர்டைஸ் புள்ளிகள், சவ்வுக்கு அடியில் இயல்பாகவே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள். எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

லைபோசார்கோமா என்ற புற்றுக் கட்டி வாயில் மிகமிக அரிது. ஆனாலும் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாயில் அது வரும்போது பெரும்பாலும் நாக்கிலோ கன்னத்திலோ, நன்கு முதிர்ந்த செல்களோடு, வெறும் கொழுப்புக் கட்டி போலவே வருகிறது. வலியில்லாமல், மெதுவாக, மெத்தென்று. நம் விரல் அதைப் பிரித்தறியாது. வேகமாக வளர்வது, அடியோடு ஒட்டி அசையாமல் இருப்பது, இடையிடையே கெட்டியான முடிச்சு தட்டுப்படுவது, மரத்துப்போவது, புண்ணாவது, ஒருமுறை எடுத்த இடத்தில் மீண்டும் வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உயர் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒருவருக்கே பல இடங்களில் கொழுப்புக் கட்டிகள் இருந்து, ஈற்றிலும் நாக்கிலும் சரளைக்கல் பரப்பியது போலச் சிறுசிறு பருக்களும் இருந்தால் கௌடன் நோய்க்குறியை நினைவில் கொள்ளுங்கள். மரபணுக் குறையால் வரும் அந்த நோயில் மார்பகம், தைராய்டு ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். வாயைப் பார்த்தே அந்த எச்சரிக்கையைக் கொடுக்க முடிகிற வாய்ப்பு நமக்குத்தான் கிடைக்கிறது.

ஸ்கேன் யாருக்கு

ஒன்றரை, இரண்டு செ.மீ.க்குள், சவ்வுக்கு அடியில், மஞ்சளாகத் தெரிந்து, வழுக்கி நகரும் கட்டிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வது நோயாளிக்கு வீண் செலவு. மூன்று செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஆழம் தெரியாவிட்டாலோ, நாக்கின் தசைக்குள் அல்லது நாக்குக்கு அடியில் இருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும். அல்ட்ராசவுண்டே பல நேரம் போதும்: நீள்வட்ட வடிவில், உள்ளே மெல்லிய வெண்கோடுகள் இணையாக ஓட, இரத்த ஓட்டம் இல்லாமல் தெரியும். சி.டி. ஸ்கேனில் கொழுப்பின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் எதிர்க்குறியில் வரும். பொதுவாக கழித்தல் 50க்கும் கழித்தல் 150க்கும் இடையில். எம்.ஆர்.ஐ.யில் கட்டி வெண்மையாக ஒளிரும், கொழுப்பை மறைக்கும் முறையில் எடுத்தால் சுற்றியிருக்கும் கொழுப்போடு சேர்ந்து கருத்துவிடும். கருக்காமல் நிற்கும் பகுதியோ தடித்த தடுப்புகளோ இருந்தால் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நகராமல் ரேடியாலஜிஸ்ட்டிடம் நேரில் பேசுங்கள்.

மெல்லிய ஊசி வைத்து எடுக்கும் செல் பரிசோதனை கொழுப்புச் செல்களைக் காட்டும். அவை கட்டியிலிருந்து வந்தவையா, வழியில் இருந்த சாதாரணக் கொழுப்பிலிருந்து வந்தவையா என்று சொல்லாது. ஆகவே சிறிய, ஐயமற்ற கட்டிகளுக்கு முழுதாக எடுப்பதே பயாப்சி. பெரிதாகவோ ஐயத்துக்கிடமாகவோ இருப்பவற்றுக்கு முதலில் ஒரு சிறு துண்டு.

அறுவைக்கு முன்

இரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அதை நிறுத்தச் சொல்வது நம் வேலை அல்ல. இதய மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தினால் இரத்தக் கசிவைவிடப் பெரிய ஆபத்து வரலாம். ஒப்புதல் படிவத்தில் வீக்கம், இரத்தக் கசிவு, அந்த இடத்துக்கேற்ற நரம்பு மரப்பு, மீண்டும் வரும் வாய்ப்பு ஆகியவை இருக்க வேண்டும். பரிசோதனை முடிவைப் பொறுத்து இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்பதையும் அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லி எழுதி வாங்குங்கள். சிலர் அந்த வரியைக் கேட்டதும் முகம் வாடுவார்கள். இருந்தாலும் அதை முன்பே சொல்வதுதான் நியாயம்.

ஊசி போடுவதற்கு முன்பே கட்டியின் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். மரப்பு மருந்து இறங்கியதும் திசு உப்பி, மெத்தென்ற கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியாமல் போய்விடும். மருந்தைக் கட்டிக்குள் செலுத்தாமல் அதைச் சுற்றி வளையம் போலச் செலுத்துங்கள். கன்னத்துக்கு லாங் பக்கல் நரம்பையும், கீழுதட்டுக்கு மென்டல் நரம்பையும், நாக்குக்கு லிங்குவல் நரம்பையும் மரக்கச் செய்தால் வளையத்துக்குக் கொஞ்சமே போதும். 2 சதவீத லிக்னோகெயின் மரப்பு மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இருக்கிறது. இரத்த நாளங்களைச் சுருக்கும் அட்ரினலின் கலந்ததற்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. உச்ச வரம்பு என்பதால் 60 கிலோ உள்ளவருக்கு 420 மி.கி., அதாவது 21 மி.லி. வரை இடமிருக்கிறது. நமக்கு மூன்று, நான்கு மி.லி.க்கு மேல் தேவைப்படாது. ஆனால் இதய நோயாளிகளிடம் கணக்கு லிக்னோகெயினில் இல்லை, அட்ரினலினில் இருக்கிறது. 0.04 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்றால் 1:80,000 கலவையில் 3.2 மி.லி.யோடு நிறுத்தியாக வேண்டும், 1:2,00,000 கலவையில் 8 மி.லி. வரை போகலாம். செலுத்திய பிறகு ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். அட்ரினலின் வேலை செய்ய விட்டால் களம் வெளுத்து, மஞ்சள் கொழுப்பு தெளிவாகப் பிரிந்து தெரியும்.

கன்னத்துக் கட்டியை எடுக்கும் முறை

அந்த அம்மையாருக்குச் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, உமிழ்நீரை வாய்க்குள் கொண்டுவரும் ஸ்டென்சன் குழாயின் வாயைக் கண்டுபிடித்தேன். வெளியிலிருந்து, காதுக்கு முன்னால் உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியை நீவிவிட்டால் தெளிந்த உமிழ்நீர் ஒரு துளி அங்கே எட்டிப் பார்க்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் கன்னத்தில் கத்தி வைப்பதில்லை என்பது என் பழக்கம். உதவியாளர் இரு விரலால் கன்னத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி இழுத்துப் பிடித்தார். பற்கள் சந்திக்கும் கோட்டுக்கு இணையாக, குழாய் வாய்க்குக் கீழே, 15ஆம் எண் பிளேடால் சவ்வை மட்டும் வெட்டினேன். வெள்ளைக் கோடு படிந்த சவ்வை நடுவில் வைத்து மெல்லிய இலை வடிவில் இரு வெட்டுகளாகச் சென்றதால் அதுவும் கட்டியோடு வந்தது. அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரே நேர் வெட்டு போதும். ஆழமாக வெட்டிவிட்டால் உறை கிழிந்து, கொழுப்பு மணிமணியாகச் சிதறும். கத்தியின் வேலை சவ்வோடு முடிந்துவிடுகிறது.

பிறகு சவ்வின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு தையல் போட்டு இழுத்துப் பிடித்தால் கதவைத் திறந்தது போல வழி கிடைக்கும். வளைந்த மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸை (நுனி மெலிந்த சிறு இடுக்கி) மூடிய நிலையில் நுழைத்து, உள்ளே திறந்து, திறந்தபடியே வெளியே எடுக்க வேண்டும். உள்ளே மூடினால் எதையாவது கவ்விக் கிழிக்கும். கட்டிக்கும் சுற்றுத் திசுவுக்கும் இடையே வெங்காயத்தோல் போல மெல்லிய ஓர் உறை இருக்கும். அந்த உறைக்கு வெளியே உள்ள தளம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்கவில்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். சுற்றிலும் விடுவித்தபின் வெளிப்பக்கம் கன்னத்தின்மேல் விரலை வைத்து மெதுவாகத் தள்ளினேன். மஞ்சள் கட்டி முழுதாக, பளபளவென்று, பிதுக்கிய பலாச்சுளை போல வெளியே வந்தது. அடியில் ஒரு சிறு இரத்த நாளம் மட்டும் காம்பாகப் பிடித்திருந்தது. அதைப் பைபோலார் காட்டரி என்ற மின்சூட்டுக் கருவியால் அடைத்து வெட்டினேன். பல் உள்ள ஃபோர்செப்ஸால் கட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். அது நசுங்கும், நசுங்கிய திசுவை நுண்ணோக்கியில் படிப்பவருக்கும் சிரமம். பிடி வேண்டுமென்றால் கட்டியின் நடுவே ஒரு பட்டு நூலைக் கோத்து அதை இழுங்கள்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு கன்னக் கட்டியை எடுத்த பிறகும் குழியிலிருந்து மஞ்சள் கொழுப்பு வந்துகொண்டே இருந்தது. மிச்சம் இருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. மூத்த மருத்துவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “தம்பி, அது கட்டி இல்லை, உள்ளே தள்ளு” என்றார். பக்சினேட்டர் என்ற கன்னத் தசையைக் கிழித்துக்கொண்டு போய்க் கன்னக் கொழுப்புத் திண்டைத் திறந்துவிட்டிருந்தேன். சுமார் 10 மி.லி. அளவுள்ள அந்தத் திண்டு தசைக்கு வெளிப்புறம் இருக்கிறது. நாம் எடுக்க வந்த கட்டி பெரும்பாலும் தசைக்கு உட்புறம், சவ்வுக்கு அடியில். 18ஆம் நூற்றாண்டில் ஹெய்ஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் அந்தத் திண்டை ஒரு சுரப்பி என்றே நினைத்தார். அது கொழுப்பு என்று பின்னால் விளக்கிய பிரெஞ்சு உடற்கூறியல் அறிஞர் பிஷாவின் பெயர்தான் அதற்கு நிலைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள் அல்ல என்பதை இப்போது அறிவேன். கட்டிக்கு எல்லை உண்டு, உறை உண்டு, முடிவு உண்டு. திண்டின் கொழுப்பு வெளிறி, தளர்ந்து, வாயை அசைக்கும்போதெல்லாம் முன்னால் பிதுங்கி வரும், முடிவே இராது. அப்படி வந்தால் ஈரப் பஞ்சால் உள்ளே தள்ளி, தசையை 4-0 விக்ரில் என்ற தானே கரையும் நூலால் மூடிவிடுங்கள். இழுத்து எடுத்தால் கன்னம் குழிவிழும்; முகத்து நரம்பின் கிளைகளும் அருகிலேயே ஓடுகின்றன.

கட்டி வந்த குழியை உப்புநீரால் கழுவி, பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெற்றிடம் பெரிதாக இருந்தால் அடியில் ஓரிரண்டு தையல் போட்டு நெருக்குங்கள். இல்லையென்றால் அங்கே இரத்தம் தேங்கி, மறுநாள் நோயாளி பழைய கட்டியைவிடப் பெரிய வீக்கத்தோடு வருவார். நீண்டு தொங்கும் சவ்வைக் கண்டு தாராளமாக வெட்டிவிடத் தோன்றும். வெட்ட வேண்டாம். சில வாரங்களில் சவ்வு தானே சுருங்கிப் படிந்துவிடும். அதிகம் வெட்டினால் வாய் திறக்கும்போது இழுக்கும். காம்போடு தொங்கும் கட்டிகளில் மட்டும் காம்பைச் சுற்றி இலை வடிவில் வெட்டி எடுப்பது சரி. கடைசியாக மீண்டும் ஒருமுறை பரோட்டிட் சுரப்பியை நீவி, குழாயிலிருந்து உமிழ்நீர் வருகிறதா என்று பாருங்கள்.

மற்ற இடங்களில் மாறுவது

உதட்டில் வெட்டு உட்சவ்வில் மட்டும் இருக்க வேண்டும். உதட்டின் சிவப்பு ஓரத்தைத் தாண்டினால் வடு வெளியே தெரியும். கீழ் முன்கடைவாய்ப் பற்களின் அருகே உள்ள பள்ளத்தில் மென்டல் நரம்பு மூன்று நான்கு இழைகளாக விரிந்திருக்கும், வெண்ணிறத்தில், கட்டியின்மேல் படர்ந்தும் கிடக்கலாம். அவற்றை வெட்டாமல் ஒதுக்குவதற்குப் பொறுமை ஒன்றே வழி. நாக்கில் நீளவாக்கில் வெட்டுங்கள். நாக்குக்கு அடியில் உமிழ்நீரைக் கொண்டுவரும் வார்ட்டன் குழாயும் லிங்குவல் நரம்பும் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுவதால் மெல்லிய குழல் ஒன்றைக் குழாய்க்குள் செருகி அடையாளம் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அங்கே பெரிய கட்டிகளை முழு மயக்கத்தில், மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். இரத்தம் கசிந்து நாக்கை மேலே தூக்கினால் மூச்சு அடைக்கும்.

உறையின் தளம் கிடைக்கவில்லை, தசை நார்களுக்கு இடையே மஞ்சள் புகுந்திருக்கிறது என்றால் அது தசைக்குள் ஊடுருவும் வகை. அதைச் சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். சுற்றியுள்ள தசையில் கொஞ்சத்தைச் சேர்த்தே எடுக்க வேண்டும். முன்தயாரிப்பு இல்லாமல் இது கண்ணில் பட்டால் ஒரு துண்டை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு மூடிவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

டயோடு லேசரும் கார்பன் டை ஆக்சைடு லேசரும் இப்போது பலரிடம் இருக்கின்றன. இரத்தம் குறைவு, தையல் பல நேரம் தேவையில்லை. ஆனால் வெட்டிய ஓரம் கருகுவதால் அங்கே உள்ள செல்களைப் படிக்க முடியாது. சவ்வை லேசரால் திறந்து, கட்டியை மழுங்கிய கருவியால் பிரிப்பதே எனக்குப் பிடித்த நடுவழி.

ஃபார்மலின் குப்பி

எடுத்த கட்டியை 10 சதவீத ஃபார்மலினில் போட்டதும் அது மிதக்கும். பெரும்பாலான திசுக்கள் மூழ்கும். கொழுப்பு மேலே நிற்கும். அந்த அம்மையாரின் மகனிடம் குப்பியைக் காட்டினேன். மிதக்கிற அந்த மஞ்சளைப் பார்த்ததும்தான் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் மிதப்பது நோயறிதல் ஆகாது, கொழுப்பைச் சுமக்கும் வேறு கட்டிகளும் மிதக்கும். மிதக்கும் பகுதி திரவத்துக்கு மேலே காய்ந்துபோகாமல் இருக்க ஒரு துண்டு காஸ் துணியை மேலே போட்டு அமுக்குங்கள். திசுவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். கொழுப்புக்குள் ஃபார்மலின் மெதுவாகவே இறங்கும் என்பதால் சின்ன மாத்திரை டப்பாவில் திணித்து அனுப்புவது திசுவைக் கெடுப்பதற்குச் சமம். உப்புநீரில் ஒருபோதும் அனுப்பாதீர்கள். படிவத்தில் வயது, இடம், எத்தனை வருடமாக இருக்கிறது, உறை இருந்ததா, தசைக்குள் போயிருந்ததா, வெற்றிலை புகையிலைப் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் எழுதினால்தான் படிப்பவர் சரியாகப் படிக்க முடியும்.

அறிக்கையில் முதிர்ந்த கொழுப்புச் செல்கள், மெல்லிய நார்த் தடுப்புகள், உறை என்று இருந்தால் சாதாரண லைபோமா. நார் அதிகமிருந்தால் ஃபைப்ரோலைபோமா, இரத்த நாளங்கள் அதிகமிருந்தால் ஆஞ்சியோலைபோமா, உமிழ்நீர்ச் சுரப்பித் திசுவும் சேர்ந்திருந்தால் சியாலோலைபோமா. பெயர்கள் மாறினாலும் இவற்றுக்குச் சிகிச்சை ஒன்றுதான். கதிர் வடிவச் செல் (ஸ்பிண்டில் செல்) வகையும் பல்லுருச் செல் வகையும் சாதுவானவையே என்றாலும் அவற்றைப் புற்றிலிருந்து பிரிக்கக் கூடுதல் பரிசோதனை தேவைப்படலாம். செல்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது, உட்கரு கருத்துப் பெருத்திருக்கிறது, லைபோபிளாஸ்ட் (முதிராத கொழுப்புச் செல்) தெரிகிறது என்ற சொற்களைக் கண்டால் நோய்க்கூறியல் நிபுணரை அழைத்து, லைபோசார்கோமாவைப் பிரித்துக்காட்ட உதவும் எம்.டி.எம்.2, சி.டி.கே.4 பரிசோதனைகள் வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று செ.மீ. கட்டியாக இருந்தாலும் அரை செ.மீ. கட்டியாக இருந்தாலும் குப்பைக்கூடைக்குப் போகக் கூடாது. பரிசோதனைக் கட்டணத்துக்குத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வழிகாட்டியாவது அதைச் செய்ய வையுங்கள்.

அறுவைக்குப் பின்

முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம், ஆறிய கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவு. கொப்பளிக்க வேண்டாம், 24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். ஆரோக்கியமாக உள்ளவருக்கு, சுத்தமான சிறு அறுவைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவது வழக்கமாகிவிட்டது, அவசியமாகவில்லை. பட்டு நூல் தையலை ஏழாம் நாள் எடுக்கலாம். வெற்றிலையை அந்த ஏழு நாளாவது நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் கேட்கும் மனநிலையில் இருப்பார்கள், எனவே முழுதாக விடுவதைப் பற்றியும் அப்போதே பேசுங்கள்.

இரத்தம் நிற்காமல் வந்தாலோ, வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாக இருந்தாலோ காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று பார்ப்பது போதுமானது. உறையோடு முழுதாக எடுத்த கட்டி திரும்ப வருவது மிக அபூர்வம். தசைக்குள் ஊடுருவிய வகைக்கு இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள். திரும்ப வந்தால் பழைய கண்ணாடித் தகடுகளை லேபிலிருந்து வாங்கி வேறொருவரையும் படிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கத்தியை எடுங்கள்.

அந்த அம்மையாரின் அறிக்கை ஒன்பதாம் நாள் வந்தது: ஃபைப்ரோலைபோமா, மேல்சவ்வில் உராய்வினால் வந்த தடிப்பு, செல் மாற்றம் இல்லை. தாளை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார், படித்தேன். வெற்றிலை இன்னும் விடவில்லை என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கன்னங்களையும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.